மதினி வைத்த கூறு

“எனக்கு விளங்கல, சார்வாள். இன்னொரு தரம் சொல்லுங்க.”

இந்தச் சொற்களை மதினியின் வாயிலிருந்து கேட்டவர்கள் பலர். காய்கறி வணிகர், மின்கட்டணம் குறித்துச் செல்ல வருபவர், பால்காரர், சோதிடர், மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள், நான். தமக்கு ஐயமறத் தெரிந்த ஒன்றை விளக்கத் தொடங்கிய ஒவ்வொருவரும், மூன்றாம் முறை விளக்கி முடிக்கையில் அது தமக்கு உண்மையில் தெரியுமா என்னும் குழப்பத்தோடு எழுந்து போனார்கள். அவர் விளங்காமல்தான் கேட்டாரா என்பதை மட்டும் எவராலும் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை.

திருநெல்வேலிச் சந்திப்பில், பேருந்து நிலையத்தின் பின்புறத் தெருவில் ஒரு சைவ உணவகம் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கணவர் இறந்த பின்பு அவர் அமர்ந்திருந்த கல்லா நாற்காலிக்கு இந்த அம்மையார் வந்தார். கணவரின் தம்பி சமையலறையையும் பரிமாறுவோரையும் கவனித்துக்கொண்டார். அண்ணன் மனைவியை அவர் ‘மதினி’ என்று அழைக்க, கடையாட்கள் அழைக்க, வாடிக்கையாளர்களும் அழைத்தார்கள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் கற்பித்துவந்த நான், மாதக் கணக்கு வைத்து அங்கே உண்டவன். ஆசிரியத் தொழிலுக்கு நெல்லையில் வழங்கும் மரியாதைப்படி என்னைச் ‘சார்வாள்’ என்றார்கள்.

ஒருவர் பேசும்போது மதினி அவருடைய முகத்தைப் பார்க்க மாட்டார். வலது காதைச் சற்று முன்னே நீட்டி, புருவங்களை நெருக்கி, மேசைக் கண்ணாடியின் கீழே செருகியிருந்த முருகன் படத்தையே நோக்கியிருப்பார். வாயில் ஒரு கிராம்பு இருக்கும். சொல்லி முடித்ததும், நாம் பாதியில் நிறுத்திவிட்டோமோ என்று எண்ணும்படி அந்தக் கிராம்பை மறு கன்னத்துக்கு மெல்ல ஒதுக்குவார். அதன் பிறகே அந்தச் சொற்கள் வரும்.

கத்திரிக்காய்க்காரர் ஒருவரை நினைவுகூர்கிறேன். முந்திய வாரத்தை விட விலை ஏறியதன் காரணத்தை அவர் சொன்னார்: மழை, வரத்துக் குறைவு, வண்டி வாடகை. மதினிக்கு விளங்கவில்லை. மீண்டும் சொன்னார். மழை பெய்தால் செடிக்கு நல்லதுதானே என்று மதினி கேட்டார். நல்லதுதான், ஆனால் பூ உதிர்ந்துவிடும் என்றார் அவர். அப்படியானால் இந்தக் காய் உதிராத பூவில் காய்த்ததா என்று மதினி வினவினார். மூன்றாம் விளக்கத்தின் நடுவே அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, “பழைய வெலையே குடுங்கம்மா, சவத்த விடுங்க” என்று சொல்லிப் போனார். மதினியின் முகத்தில் வெற்றியின் சாயல் ஏதுமில்லை. அவர் போன திசையைப் பார்த்து, “பாவம், என்னமோ சொல்ல வந்தாரு. பாதியில போயிட்டாரு” என்று வருந்தினார்.

இது சூழ்ச்சி என்று முடிவு கட்டலாம் என்றால், மற்றொரு நிகழ்ச்சி குறுக்கே நிற்கிறது. அந்நாளில் தெருவுக்குத் தெரு நிதி நிறுவனங்கள் தோன்றியிருந்தன. அவற்றுள் ஒன்றின் முகவர் வந்து, போட்ட பணம் எவ்வாறு விரைந்து இரட்டிக்கும் என்பதை விளக்கினார். அவரிடமும் மதினி மும்முறை கேட்டார். அவர் சலிக்காமல் மும்முறையும் சொன்னார். மகள் திருமணத்துக்கென்று சேர்த்திருந்ததில் பெரும் பகுதியை எடுத்து மதினி அவரிடம் கொடுத்தார். அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. செய்தி வந்த நாளன்று, “அவரு சொன்னது எனக்கு விளங்கவே இல்ல சார்வாள். விளங்காட்டாலும் நல்லாச் சொன்னாரு” என்றார். அவ்வளவுதான். அன்று கல்லாவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர், மறுநாள் விடியுமுன் பால் வாங்க வழக்கம்போல் வந்திருந்தார்.

ஆகவே கொழுந்தனார் பிரிவினை கேட்டபோது மதினிக்கு அந்த உணவகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. குடும்பத்து வயல்கள் முன்தலைமுறையிலேயே கைமாறிப் போயிருந்தன. பங்கு தவறினால் தாயும் மகளும் உறவினர் வீட்டில் ஒதுங்க வேண்டியதுதான். கொழுந்தனாரும் கொடியவர் அல்லர். இரண்டு சிறு குழந்தைகள்; காலை முதல் அடுப்படியில் நிற்பவர். காலையில் இட்லியும் தோசையும் ஈட்டுவதை மதியச் சாப்பாடு தின்று தீர்க்கிறது என்று அவர் நம்பினார். “விடியக்காலம் நான் சம்பாதிக்கேன், மத்தியானம் மதினி தானம் பண்ணுதாக” என்று சிரித்தபடி சொல்வார். சிரிப்பு மெல்லக் குறைந்துகொண்டே வந்தது.

கட்டடம் வாடகைக்குரியது, சமையலறை ஒன்றே. அதை எப்படிப் பிரிப்பது? ஆனால் நிலமுடைய குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது புதிதன்று. ஒரே கிணற்றின் நீரைக் காலை ஒருவருக்கும் மாலை ஒருவருக்கும் என்று முறை வைத்து இறைத்தவர்களின் வழிவந்தவர்கள். உணவகத்தையும் பொழுது பார்த்துப் பிரிக்கலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மூத்தவர் கூறு வைக்க, இளையவர் முதலில் எடுத்துக்கொள்வது அக்குடும்பத்தின் வழக்கம். கூறு வைப்பவர் ஒருபுறம் கூட்டி மறுபுறம் குறைத்தால் குறைந்தது அவருக்கே வந்து சேரும். இந்த அச்சமே நீதியைக் காக்கும் என்பது அதன் உட்பொருள். இறந்த கணவரின் இடத்தில் மதினி கூறு வைக்க வேண்டும். கொழுந்தனார் எடுப்பார்.

எதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கண்டு சொல்லும்படி இருவரும் சேர்ந்து என்னைக் கேட்டார்கள். சில வாரங்கள் நின்று பார்த்து, அளந்து, எழுதினேன். பிறகு ஒரு பிற்பகலில், சாப்பாட்டுக் கூட்டம் கலைந்தபின், இருவரையும் அமரவைத்து மொத்த இலாப விகிதம் என்றால் என்ன என்று விளக்கினேன். ஒரு தட்டுச் சிற்றுண்டி ஐந்து ரூபாய்க்கு விற்கிறது. அதில் அடங்கிய அரிசி, உளுந்து, தேங்காய், பருப்பின் விலை இரண்டு ரூபாய். மிச்சம் மூன்று, நூற்றுக்கு அறுபது. சாப்பாடு பன்னிரண்டு ரூபாய். பண்டங்களுக்கு ஒன்பது போய்விடுகிறது. மிச்சம் மூன்று, நூற்றுக்கு இருபத்தைந்து. காபி இரண்டு ரூபாய். பாலும் தூளும் சர்க்கரையும் போக மிஞ்சுவது தொண்ணூறு காசு, நூற்றுக்கு நாற்பத்தைந்து. கூலி, வாடகை, விறகு ஆகியவற்றைக் கழிக்குமுன் நிற்கும் மிச்சமே மொத்த இலாபம். விற்ற விலையில் அது எத்தனை பங்கு என்பதே விகிதம்.

மதினி முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இட்லியில மிச்சம் எம்புட்டு சார்வாள்?”

“மூன்று ரூபாய்.”

“சாப்பாட்டுல?”

“அதிலும் மூன்று ரூபாய்தான்.”

“ரெண்டும் மூணுதானே. பின்ன ஒண்ணு அறுவது, இன்னொண்ணு இருவத்தஞ்சுன்னா எப்பிடி? எனக்கு விளங்கல. இன்னொரு தரம் சொல்லுங்க.”

மீண்டும் சொன்னேன். இரண்டு ரூபாய் போட்டு மூன்று எடுப்பதும் ஒன்பது போட்டு மூன்று எடுப்பதும் ஒன்றல்ல என்றேன். தலையை அசைத்துக் கேட்டவர், சாப்பாட்டுக்கு வந்தவருக்கு இட்லியைக் கொடுத்தால் அவரிடம் அந்த அறுபது கிடைத்துவிடுமா என்று கேட்டார். கிடைக்காது, அவர் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்றேன். “அப்பொ அந்த இருவத்தஞ்சும் போயிருமா?” போய்விடும். “அப்பொ அந்த அறுவது யாருக்கு?” இட்லி தின்ன வருபவரிடமிருந்து. “அவரு வேற ஆளா?” சில வேளை அதே ஆள்தான் என்றேன். எனக்கு வியர்த்தது. வகுப்பறையில் கால்மணி நேரத்தில் முடியும் பாடம் அது.

மூன்றாம் முறை விளக்கியவர் கொழுந்தனார். அதுவரை நாற்காலியைத் திருப்பிப் போட்டு அமர்ந்து ஊன்றிக் கேட்டிருந்தவர், பொறுமை இழந்து முன்னே வந்தார்.

“மதினி, இதுல விளங்காததுக்கு என்ன இருக்கு? கல்லாவுல நூறு ரூவா விழுது. இட்லியில விழுந்தா அறுவது நமக்கு. சோத்துல விழுந்தா இருவத்தஞ்சுதான் நமக்கு, மிச்சத்தக் காய்கறிக்காரனும் பலசரக்குக் கடைக்காரனும் கொண்டு போயிருதான். அம்புட்டுத்தான். சார்வாள், சரிதானவே?”

மிகச் சரி. என்னைவிடத் தெளிவாகச் சொல்லியிருந்தார். மதினி அவரை வியப்போடு பார்த்தார். “தம்பிக்கு எப்பிடிப் பிடிபடுது பாருங்க” என்றார். கொழுந்தனார் அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, அம்பாசமுத்திரத்திலிருந்து பெரியப்பா முறையுடைய முதியவர் வந்து நடுவில் அமர்ந்தார். மதினி வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கூறு வைத்தார். காலை, மாலைச் சிற்றுண்டி ஒரு கூறு. மதியச் சாப்பாடு ஒரு கூறு. எல்லோரும் எதிர்பார்த்ததுதான். வாடகையும் விறகும் பாதி பாதி. முதியவர் தலையசைக்கும் நேரத்தில், “காபி சாப்பாட்டோட இருக்கட்டும்” என்றார்.

முதியவர் நிமிர்ந்தார். “காபிக்கும் சோத்துக்கும் என்னம்மா ஒறவு? அது டிபனோடல்லா போகும்?”

“அப்பிடியா பெரியப்பா? எனக்கு என்ன விளங்குது. தம்பி எது வேணும்னாலும் எடுத்துக்கிடட்டும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

கொழுந்தனார் என் பக்கம் சாய்ந்தார். “காபி நாப்பத்தஞ்சுதானே, சார்வாள்?” என்று மெல்லக் கேட்டார். ஆம் என்றேன். “சோறு இருவத்தஞ்சு. இட்லி அறுவது.” ஆம் என்றேன். இரண்டோடு ஒப்பிட்டாலும் அறுபதே பெரிது. எனக்கும் அது சரியென்றே தோன்றியது. சாப்பாடே தமக்கு எஞ்சும் என்று அதைத் தேற்றுவதற்காக மதினி காபியைச் சேர்க்கிறார், ஆனால் அது போதாது என்று எண்ணி அவருக்காக வருந்தவும் செய்தேன். கொழுந்தனார் சிற்றுண்டியை எடுத்தார். மதினி எழுந்து, இலைகளைப் போடச் சொன்னார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நிரலாகச் சொல்ல முடியும். காரணம் சொல்லத்தான் முடியவில்லை. கடைக்குள் இரண்டு கல்லாக்கள் வந்தன. தோசை தின்றவர் ஓரிடத்தில் பணம் கொடுத்து, காபிக்கு மற்றோரிடத்தில் கொடுத்தார். முன்பெல்லாம் மதியச் சாம்பாருக்கு வாங்கிய காயும் பருப்பும் காலைச் சாம்பாருக்குள்ளும் சத்தமின்றிப் புகுந்திருந்தன. வியாழக்கிழமைச் சொதிக் குழம்புக்குப் பால் பிழிந்த தேங்காய், மாலைச் சட்னியில் பொட்டுக்கடலையோடு கூடியிருந்தது. இப்போது கொழுந்தனார் எல்லாவற்றையும் தனியே வாங்க வேண்டியிருந்தது. சட்னியும் சாம்பாரும் கேட்ட மட்டும் ஊற்றும் ஊர் இது. ஒரு வாளியைக் குறைத்தால் வாடிக்கையாளர் முகம் குறுகிவிடும். நான் கண்ட அறுபது என் கண்ணெதிரே ஐம்பதாயிற்று. பிறகு அதற்கும் கீழே இறங்கிற்று.

மதினியின் சோறும் செழித்ததாகச் சொல்ல முடியாது. ஐப்பசி மழையில் காய்கறி விலை ஏறியபோது, கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைக்கூட நிறுத்தலாமா என்று யோசித்தார். ஆனால் காபி விடியுமுன் தொடங்கி விளக்கணைக்கும் வரை போய்க்கொண்டேயிருந்தது. மாஞ்சோலையிலிருந்து மலை இறங்கி வந்தவர்கள், நீதிமன்றத்துக்கு வந்தவர்கள், பேருந்தைத் தவறவிட்டவர்கள் எல்லோரும் நின்றபடியே குடித்தார்கள். நாற்காலி வேண்டாம், இலை வேண்டாம், சட்னி வேண்டாம். தொண்ணூறு காசு, தொண்ணூறு காசாக விழுந்தது.

அப்போது பன் வந்தது. காபிக்கு வந்தவர்கள் கடிப்பதற்கு ஏதேனும் கேட்டார்கள் என்று, அடுமனையிலிருந்து மதினி பன் வாங்கிக் கண்ணாடிப் பேழையில் அடுக்கினார். பன் சிற்றுண்டி, ஆகவே தன் கூறு என்றார் கொழுந்தனார். வழக்கு முதியவரிடம் போயிற்று. “பன்னு எந்தக் கூறு பெரியப்பா? எனக்கு விளங்கல” என்றார் மதினி. முதியவர் நெடுநேரம் சிந்தித்து, கூறு வைத்த நாளில் பன் இல்லை, நம் அடுப்பில் வேகாதது நம் கூற்றில் வராது, காபியில் முக்கித் தின்பதால் காபியைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தார். பன்னும் காபியும் உண்டவர்கள் இட்லி கேட்கவில்லை.

ஓராண்டுக்குச் சற்றுப் பிந்தி, கொழுந்தனார் தம் கூற்றை விட்டுக்கொடுக்க முன்வந்தார். திருச்செந்தூரில் மாமனார் ஊர்க்காரர் ஒருவரின் கடை காலியாக இருந்தது. அங்கே போகக் கைப்பணம் வேண்டும். ஒரு தொகையைச் சொன்னார். நான் உடனிருந்தேன். மதினி காதை நீட்டிக் கேட்டுவிட்டு, அந்தத் தொகை எப்படி வந்தது என்று விளங்கவில்லை என்றார். பாத்திரங்கள், மாவரைக்கும் இயந்திரம், வாடிக்கை என்று அவர் பிரித்துச் சொன்னார். சொல்லும்போதே தொகை சற்றுக் குறைந்தது. இன்னொரு தரம் கேட்டார். மேலும் குறைந்தது. மூன்றாம் முறை கொழுந்தனார் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். சொன்ன தொகை முதலில் சொன்னதில் பாதியளவே இருக்கும்.

நான் தலை குனிந்துகொண்டேன். கத்திரிக்காய்க்காரரின் தராசு நினைவில் வந்தது.

மதினி எழுந்து உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்தார். அது கொழுந்தனார் முதலில் சொன்ன தொகை. ஒரு ரூபாய் குறையவில்லை. “தம்பி மொதல்ல சொன்னதுதான் எனக்குப் புரிஞ்சுது. பொறவு சொன்னதெல்லாம் ஒண்ணும் விளங்கல” என்றார். கொழுந்தனார் புறப்பட்ட அன்று பேருந்து நிலையம் வரை வந்து, குழந்தைகளின் தலையைத் தடவி, கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீரில் பொய் இருந்ததாக என்னால் நினைக்க முடியவில்லை. மறுநாள் காலையில் இட்லிக்கும் காபிக்கும் ஒரே கல்லாவில் பணம் வாங்கினார். அந்த ஆவணியில் மகளுக்குத் திருமணம் நடந்தது.

என்னால் பொறுக்க இயலவில்லை. ஒரு நாள் நேரே கேட்டேன்: கூறு வைத்த அன்று காபியைச் சாப்பாட்டோடு சேர்த்தது எதற்காக?

மதினி இம்முறை முருகன் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “பால் விடியக்காலம் நாலு மணிக்கு வருது, சார்வாள். தம்பி எந்திரிக்க மாட்டாரு. நான்தானே என்னைக்கும் எந்திரிச்சு வாங்குதேன். அதான் எம் பக்கம் வச்சேன். ஏன், தப்பா?”

தப்பில்லை என்றேன். அது உண்மையுங்கூட. நான் அறிந்த நாளெல்லாம் பால் வாங்கியவர் அவரே. ஒரு செயலுக்கு உண்மையான காரணம் ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்கலாகாதா என்பதே என் ஐயம். அதை அவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சில ஆண்டுகள் கழித்துத் திருச்செந்தூருக்குப் போனேன். அதற்குள் மதினி உணவகத்தைக் கைமாற்றிவிட்டு மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டிருந்தார். கடலில் நீராடி ஈரத்துணியோடு வரும் அடியார் கூட்டத்துக்கு நடுவே கொழுந்தனாரின் கடையைத் தேடிக் கண்டேன். உடல் பெருத்து, நெற்றி நிறையத் திருநீறு அணிந்திருந்தார். இட்லி, தோசை, வடை மட்டும். வரிசை வாயிலைத் தாண்டி நின்றது. என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாம் நீரு சொல்லித் தந்த கணக்குதாம்வே. நூத்துக்கு அறுவது. இங்கன அறுவதுக்குக் கொறையவே மாட்டேங்கு.”

அங்கே அறுபது நின்றது ஏன், சந்திப்பில் அது கரைந்தது ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதேனும் சொல்லியிருப்பேன். மதினியைப் பற்றிக் கேட்டார். நலம் என்றேன்.

“தெய்வம் மாதிரி. கேட்டத அப்பிடியே குடுத்தாக. அந்தப் பணத்துலதான் இது” என்று சுவர்களைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, இரக்கத்தோடு கேட்டார்: “பாவம், அவுகளுக்கு அந்தக் கணக்கு மட்டும் கடைசி வரைக்கும் ஏறவே இல்ல, என்ன?”

“இல்லை போலும்” என்றேன்.

அவர் பெருமூச்சுவிட்டார். இட்லி வந்தது, தின்றேன். மென்மையாக இருந்தது. முடித்ததும் காபி கேட்டேன்.

“காபி போடுததில்ல சார்வாள். அதுல ஒண்ணும் நிக்காது. இருங்க, பைய உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே தெருவைக் கடந்தார். அவர் கடையில் உண்டு வெளியேறியவர்கள் எல்லோரும் எதிர்க்கடையின் முன்னே குழுமி நின்று குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் கையை நீட்டி, எனக்காக ஒரு காபிக்கு அவர் பணம் கொடுப்பதை, இலையின் முன் அமர்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.